வெள்ளி ரூபாய் ஆன்லைனில் வாங்குகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள்

1918 ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் ரூபாய் ஒன்றை 'ஏ.யூ. கிரேடு, ரேர்' (அதாவது கிட்டத்தட்ட தேயாதது, அரிதானது) என்று போட்டிருந்தார்கள். படத்தில் கண்ணைப் பறித்தது. 2,800 ரூபாய் கட்டி வாங்கினேன். பார்சலைப் பிரித்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "வெள்ளி நல்ல வெள்ளிதான் கண்ணு, யாரோ நல்லா பாலிஷ் போட்டு வெச்சிருக்காங்க" என்றார். கொலுசுக்குப் பாலிஷ் போட்டே காலம் தள்ளுகிறவர். அவர் கண்ணுக்குத் தப்புமா? அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறைதான் கீழே இருப்பது.

படி 1: வெள்ளிக் கணக்கு

முதலில் காசுக்குள் எவ்வளவு வெள்ளி என்று பாருங்கள். 1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் 11.66 கிராம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கிட்டத்தட்ட 92 டச், அதாவது நூற்றுக்கு 92 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,069 ரூபாய். அன்றைய விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல்.

இந்தத் தொகைக்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் விற்பவர் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் காசின் அபூர்வத் தன்மையாக இருக்கலாம், அல்லது கிரேடாக இருக்கலாம். வேறு எதுவும் இல்லை.

காசு கைக்கு வந்ததும் காந்தம் வைத்துப் பாருங்கள். வெள்ளி ஒட்டாது. ஆனால் பின்பக்கம் புலி இருக்கும் 1947 ரூபாய் ஒட்டும்; நிக்கல் அப்படித்தான், போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். (நம் சேலம் உருக்காலையில் காசு அடிக்க வெட்டித் தரும் துருப்பிடிக்காத எஃகு வில்லைகளும் காந்தத்தில் ஒட்டுகிற ரகம்தான்.)

படி 2: கிரேடு என்ற சொல்

காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தரம் பிரிக்கும் ஷெல்டன் அளவுகோலில் 1 முதல் 70 வரை எண். அதில் 'குட்' என்பது 4. ஆமாம், நான்குதான்! 'குட் கண்டிஷன்' என்று எழுதியிருந்தால் உருவம் தேய்ந்து வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசு என்றும் பொருள் கொள்ளலாம். 'ஃபைன்' 12இல் தொடங்கும், 'வெரி ஃபைன்' 20, 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' 40, 'ஏ.யூ.' 50. புழக்கத்துக்கே போகாத காசுக்கு 60 முதல் 70 வரை. விற்பவர் தானாகப் போட்டுக்கொள்ளும் கிரேடு அவருடைய ஆசை மட்டுமே.

காசுக்குக் கிரேடு போட்டுத் தரும் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் முத்திரையிட்ட பெட்டியில் வந்தால் அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள், ஏனென்றால் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள்.

படி 3: படத்தைப் படிப்பது

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் என்றால் படத்தைப் பெரிதாக்கி மூன்று இடம் பாருங்கள்: கிரீடத்தின் வேலைப்பாடு, காதும் புருவமும், மார்புச் சங்கிலியில் தொங்கும் குட்டி யானை. மேடான இடம்தான் முதலில் தேயும். யானையின் தும்பிக்கை வழுவழுவென்று ஆகிவிட்ட காசை 'ஏ.யூ.' என்றால் நம்பாதீர்கள். (1911 காசில் இந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912இல் மாற்றினார்கள். 'பன்றி ரூபாய்' என்று விற்பது அதைத்தான். ஆண்டு 1911 இல்லையென்றால் அது பன்றியும் இல்லை.)

அடுத்தது பளபளப்பு. தேயாத காசைச் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து சுழன்று ஓடும். பாலிஷ் போட்ட காசில் வெளிச்சம் ஓடாது, கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் மொத்தமாக அடிக்கும். எழுத்துகளின் இடுக்கு மட்டும் கறுத்து, வெளி வெள்ளை வெளேர் என்று இருந்தாலும், ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தாலும் துடைத்த காசு. நம் வீட்டில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்ப்போமே, அதே கைவரிசை. துடைத்த காசுக்குச் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். அதனால் பாட்டியின் சுருக்குப்பையில் கிடைத்த காசை எக்காரணம் கொண்டும் தேய்க்காதீர்கள், கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

படி 4: கேட்ட விலையும் விற்ற விலையும்

யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். 9,999 என்று போட்டு, அடித்து, கீழே 2,800 என்று எழுதுவது பழைய தந்திரம். ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளை மட்டும் தேடி, ஐந்தாறு எடுத்து ஒப்பிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. 1918 கோடிக்கணக்கில் ரூபாய் அடித்த ஆண்டு. பின்பக்கம் கீழே தாமரையடியில் இருக்கும் புள்ளியைக் காட்டி 'ரேர் டாட்' என்றார்கள். அது பம்பாய் நாணயச்சாலையின் அடையாளம், அவ்வளவுதான். கல்கத்தா காசில் புள்ளி இருக்காது.

ராமர் பட்டாபிஷேகம் பொறித்த '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' செப்புக் காசை லட்சக்கணக்கில் சொல்வார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 5, 10 ரூபாய் காசுகள் 2012இல் வந்தவை, அதற்கும் லட்சங்கள் கிடையாது. "உங்கள் காசை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், முதலில் வரி கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

படி 5: விற்பவருக்கு ஒரு செய்தி

நான் அனுப்புவது இதுதான்: "வணக்கம் சார். காசைத் தராசில் வைத்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம், வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பும் பத்து விநாடி வீடியோ அனுப்ப முடியுமா? கிரேடு ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. அப்புறம் என்ன, அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். பதில் வந்து வாங்கினால், பார்சலைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் 2,800 ரூபாய் காசைத் திருப்ப முடியவில்லை, 'நோ ரிட்டர்ன்' என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. இப்போது அதைப் பாட்டியின் கறுத்த ரூபாய்க்குப் பக்கத்தில் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யாராவது புதுக் காசின் வீடியோ அனுப்பினால், இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் போடுவேன்.