தனியாகக் கிடக்கும் மான்குட்டியும் நாம் செய்யும் தவறுகளும்

புல்வெளியில் ஒரு மான்குட்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்தவுடன், தாய் அதைக் கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்டித் தூக்கிச் செல்வதுதான் இரக்க மனம் கொண்டவர்கள் செய்யும் முதல் தவறு. வெளிமான், ஆப்பிரிக்காவின் தாம்சன் கசெல் போன்ற மறிமான் (antelope) இனங்களில், குட்டி பிறந்த தொடக்க நாட்களில் பெரும்பாலான நேரத்தைத் தாயிடமிருந்து விலகி, புல்லுக்குள் ஒளிந்தே கழிக்கிறது. கழுத்தைத் தரையோடு நீட்டி, காதுகளைப் பின்னுக்கு மடக்கி, ஆள் நெருங்கினாலும் அசையாமல் கிடக்கும் அந்தக் குட்டியை நோயுற்றதாக எண்ணிவிடக் கூடாது.

தாய் தொலைவில் மேய்ந்தபடியே கண்காணித்துக்கொண்டிருக்கும். பாலூட்ட நாளுக்குச் சில முறை மட்டுமே வந்து, குட்டி குடிக்கும்போது அதன் வாலடியை நக்கி, சிறுநீரையும் சாணத்தையும் தானே உட்கொண்டுவிடும்; மோப்பம் பிடித்து வரும் நரிக்குத் தடயம் ஏதும் எஞ்சாமலிருக்கவே இந்த ஏற்பாடு. பால் குடித்து முடித்த குட்டி, அடுத்துப் படுக்கும் இடத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. ஆகவே, 'பாதுகாப்பான' இடம் என்று நாம் கருதும் ஒன்றுக்கு அதை மாற்றி வைத்தால், தாய் தேடிவரும்போது குட்டி அங்கே இருக்காது.

தாய் வருகிறதா என்று அருகிலேயே நின்று காத்திருப்பதும் தவறுதான், ஏனெனில் நாம் நிற்கும்வரை அது வராது. மனித வாடை பட்டாலே தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது மிகைப்படுத்தப்பட்ட நம்பிக்கை. ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

எல்லா மறிமான்களும் இப்படித்தான் என்று எண்ணுவது இன்னொரு பிழை. வில்டபீஸ்ட் என்ற பெரிய ஆப்பிரிக்க மறிமானின் கன்று, பிறந்த சில நிமிடங்களிலேயே எழுந்து நின்று தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியில் பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் மொத்தமாகப் பிறப்பதால், கழுதைப்புலிகள் எத்தனை தின்றாலும் பல கன்றுகள் தப்பிவிடுகின்றன. இங்கே ஆபத்து வேறு விதமானது: கூட்டத்தின் குறுக்கே வண்டியை ஓட்டினால், தாயைத் தவறவிட்ட கன்று அசையும் எதையும் தாயென்று நம்பி அந்த வண்டியின் பின்னாலேயே ஓடிவரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பசும்பால் புகட்டுவதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மறிமானின் பால் பசும்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் மிகுந்தது. மாற்றுப்பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் கண்டு குட்டி எளிதில் இறந்துபோகும். பிழைத்தாலும் மனிதரை அஞ்சாமல் வளரும் கிடா, கொம்பு முளைத்தபின் தன்னை வளர்த்தவரையே எதிராளியாகக் கருதி முட்டவரும்.

குட்டி ஈனும் பருவத்தில் புல்லறுக்கும் இயந்திரத்தை இறக்குவதும், நாய்களை அவிழ்த்துவிடுவதும் அறவே கூடாதவை. இயந்திரம் நெருங்க நெருங்கக் குட்டி ஓடாமல் இன்னும் தாழப் பதுங்கும் என்பதால், அறுவடைக்குமுன் நடந்து சென்று பார்த்து, குட்டி கிடக்கும் திட்டை மட்டும் அறுக்காமல் விட்டுவிடலாம். உடலில் காயம் தெரிந்தாலோ, ஈ மொய்த்தாலோ, அருகில் தாய் இறந்து கிடந்தாலோ, குட்டியைத் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும்.