அமெரிக்காவில் சி.என்.ஏ. ஆவது எப்படி? பயிற்சியிலிருந்து ரெஜிஸ்ட்ரி வரை

கிரீன் கார்டோ இஏடியோ (வேலை செய்யும் அனுமதி அட்டை) கையில் இருக்கிறது, ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லவில்லை, ஆனால் மருத்துவத் துறையில் நுழைய ஆசை. இப்படி இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சி.என்.ஏ. (சர்டிஃபைடு நர்ஸிங் அசிஸ்டென்ட், அதாவது நர்ஸுக்கு உதவியாளர்) பயிற்சியைத்தான். சில வாரங்களில் முடியும், முன்பு நர்ஸிங் படித்திருக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பது: இவைதான் வேலை. உடல் உழைப்பு நிஜமாகவே அதிகம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: உங்கள் மாநில விதியைப் பாருங்கள்

1987-ல் வந்த மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். மாநிலங்கள் அதற்கு மேல் கூட்டிக்கொள்ளலாம். டெக்சாஸில் 100, கலிஃபோர்னியாவில் 160. ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் தோழி சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மாநிலத்தின் நர்ஸ் எய்ட் ரெஜிஸ்ட்ரி (சி.என்.ஏ.க்களின் பதிவேடு) இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். பாடம் ஆன்லைனில் இருக்கலாம், ஆனால் செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டும். "முழுக்க வீட்டிலிருந்தே சான்றிதழ்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 2: பணம் கட்டும் முன் நர்ஸிங் ஹோமுக்குப் போன் செய்யுங்கள்

மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் பெறும் நர்ஸிங் ஹோம் (முதியோர் போன்றவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம்), தன்னிடம் வேலையில் இருப்பவரிடமோ வேலைக்கு ஆஃபர் பெற்றவரிடமோ இந்தப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் கட்டணம் வாங்கக் கூடாது. இது மத்திய விதி. நீங்களே கட்டிப் படித்து, முடித்த 12 மாதங்களுக்குள் அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தாலும் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கேட்காதவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

டிபி டெஸ்ட், தடுப்பூசி விவரம், ஃபிங்கர்பிரிண்ட், பின்னணிச் சோதனை எல்லாம் வழக்கமானவை. மையம் தரும் பட்டியலைப் பார்த்து முடித்துவிடலாம். டிபி டெஸ்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறை என்றால் முடிவு பார்க்க இரண்டு, மூன்று நாள் கழித்துத் திரும்பப் போக வேண்டும்.

படி 3: ஸ்கில்ஸ் (செய்முறை) தேர்வு

நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். காரணம், கை வேலை தெரியாததல்ல. வீட்டில் பாட்டியையோ அப்பாவையோ பார்த்துக்கொண்ட பழக்கத்தில் நாம் வாய் திறக்காமல் வேலையை முடித்துவிடுகிறோம். இங்கே பேசுவதும் வேலையின் பகுதி. கதவைத் தட்ட வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், என்ன செய்யப் போகிறோம் என்று ரெசிடென்டிடம் (அங்கே தங்கியிருப்பவரிடம்) விளக்க வேண்டும், திரையை இழுத்து மூட வேண்டும், தண்ணீரின் சூடு சரியா என்று கேட்க வேண்டும். கிளம்பும் முன் கட்டிலைத் தாழ்த்தி, கால் லைட்டை (உதவிக்குக் கூப்பிடும் பொத்தானை) அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அழகாகச் செய்துவிட்டுக் கால் லைட்டை மறந்தால் மதிப்பெண் போகும். நிஜத்தில் அந்த மனிதருக்கு உதவிக்குக் கூப்பிட வேறு வழியே இருக்காது.

கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். என்.என்.ஏ.ஏ.பி. (பல மாநிலங்களில் நடக்கும் சி.என்.ஏ. தேர்வு) தேர்வில் ஐந்து ஸ்கில்ஸ் வரும், அதில் இது கட்டாயம். மணிக்கட்டு வரை நனைத்து, சோப்பு போட்டு, குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். விரல் நுனிகள் கீழ்நோக்கியே இருக்கணும், முழங்கையைவிடக் கை தாழ்ந்திருக்கணும். நகங்களை எதிர் உள்ளங்கையில் உரசுங்கள். துடைப்பதை விரல் நுனியிலிருந்து தொடங்குங்கள். குழாயை மூட வெறும் கை கூடாது, புதிய காய்ந்த பேப்பர் டவல் வேண்டும். சிங்க்கின் உட்புறத்தில் கை பட்டுவிடக் கூடாது.

உடை மாற்றுவதற்கு ஒரே விதி: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது பலமான கை முதலில். வீல்சேருக்கு மாற்றும்போது, அவரை எழுப்பும் முன்பே சக்கரங்கள் லாக் ஆகியிருக்க வேண்டும், காலில் வழுக்காத செருப்பு இருக்க வேண்டும்.

நாடித்துடிப்பை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். தேர்வாளர் எண்ணியதோடு நான்குக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. இதற்கு விநாடி முள் உள்ள சாதாரணக் கடிகாரம்தான் என் தேர்வு. ஸ்மார்ட் வாட்ச்சைத் தேர்வறையில் விடமாட்டார்கள், பழகிய கருவியோடு போவதே நல்லது.

யூடியூப் வீடியோக்களைவிட உங்கள் தேர்வு நிறுவனத்தின் கையேட்டை நம்புங்கள். கிரெடென்ஷியா, ப்ரோமெட்ரிக், ஹெட்மாஸ்டர் என்று மாநிலத்துக்கு மாநிலம் நிறுவனம் மாறும், செக்லிஸ்டும் மாறும். வீட்டில் ஒருவரைக் கட்டிலில் படுக்க வைத்து, இன்னொருவரைச் செக்லிஸ்டோடு உட்கார வைத்து, சத்தமாகப் பேசியபடி பழகுங்கள்.

படி 4: எழுத்துத் தேர்வு

இது எளிது. என்.என்.ஏ.ஏ.பி.யில் 70 கேள்விகள், 2 மணி நேரம். ஆம்புலேட் (நடப்பது), எடிமா (நீர் கோத்த வீக்கம்), என்.பி.ஓ. (வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது) போன்ற சொற்களைத் தனியே எழுதிப் படியுங்கள். ஏதாவது அசாதாரணமாகத் தெரிந்தால் நர்ஸிடம் சொல்வதும், ரெசிடென்டின் விருப்பத்தை மதிப்பதும் பெரும்பாலும் சரியான விடையாக வரும். மருந்து கொடுப்பதாக ஒரு விடை இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஒரு முறை தவறினாலும் கலங்க வேண்டாம், குறைந்தது மூன்று வாய்ப்பு தர வேண்டும் என்பது விதி.

பின்சேர்க்கை: பெயர்ச் சிக்கல்

இதைப் படித்த இரண்டு பேர் தேர்வு மையத்தில் பெயர் பொருந்தாமல் திண்டாடியதாக எழுதியிருந்தார்கள். நம் இனிஷியல் முறைதான் காரணம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் முன்னும் பின்னும் மாறியிருக்கும், சிலருக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்றே இருக்கும். தேர்வுக்குப் பதியும் பெயர், காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். திருத்தம் வேண்டுமென்றால் வகுப்பில் சேரும்போதே தொடங்கிவிடுங்கள்.

படி 5: ரெஜிஸ்ட்ரி

தேர்ச்சி பெற்றதும் உங்கள் பெயர் மாநில ரெஜிஸ்ட்ரியில் ஏறும். வேலை தருபவர் அங்கேதான் பார்ப்பார், நீங்களும் ஒரு முறை தேடிச் சரிபாருங்கள். தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலை செய்யாமல் இருந்தால் மறுபடி பயிற்சியோ தேர்வோ தேவைப்படும். குழந்தைக்காகவோ ஊருக்குப் போவதற்காகவோ இடைவெளி விடுபவர்கள் அதற்குள் சில ஷிஃப்டாவது செய்து சம்பள ரசீதை எடுத்து வையுங்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், பழைய பதிவு உயிரோடு இருக்கும்போதே ரெசிப்ராசிட்டிக்கு (பழைய பதிவைப் புது மாநிலத்தில் ஏற்கச் செய்வதற்கு) விண்ணப்பித்துவிடுங்கள்.