ஓட்டலில் ஆள் நிற்பதில்லையா? முதலாளியும் மேனேஜரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் ஒரு பரோட்டா மாஸ்டர் வேலையை விட்டால், "பக்கத்துக் கடைக்காரன் கூடக் குடுத்து இழுத்துட்டான்" என்பார் முதலாளி. சில நேரம் அது உண்மைதான். பல நேரம் ஆள் போவது தூக்கத்துக்காக.

பிரேக் டூட்டியைப் பாருங்கள். காலை ஆறுக்கு இட்லி, பொங்கலோடு ஏறும் சப்ளையர் பதினொன்றுக்கு இறங்குவார். மறுபடி மாலை ஆறுக்கு ஏறினால், கடைசி டேபிள் எழுந்து, தரை கழுவி முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். நடுவில் ஏழு மணி நேரம் ஓய்வு கொடுத்ததாக மேனேஜர் நினைக்கிறார். எங்கே ஓய்வு? மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில், எட்டுப் பேருக்கு ஒரு ஃபேன். ராத்திரி முழுக்கக் கல்லில் நின்ற பரோட்டா மாஸ்டர் வந்து கண் அசரும்போதுதான் தோசை மாஸ்டர் எழுந்து லைட்டைப் போடுவார்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. தூங்கா நகரத்துக்குக் கேட்க வேண்டுமா? அந்த வரி எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், சுழற்சியில் வாரம் ஒருநாள் விடுமுறை என்பதும் அதே ஆணையில்தான் இருக்கிறது. இரவு ஆட்களுக்குத் தனி அறை ஒதுக்குங்கள். கடையைச் சாத்தியவரே மறுநாள் வந்து திறக்கும்படி டூட்டி போடாதீர்கள்.

அடுத்தது லீவு. மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் குலசாமி கும்பிடப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் முதல் நாள் வரை "பாப்போம்" என்றே இழுப்பார்கள். ஆள் எப்படியும் போகத்தான் போகிறார். சொல்லிவிட்டுப் போகிறாரா, போனை அணைத்துவிட்டுப் போகிறாரா என்பது மட்டுமே உங்கள் கையில். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் யாருக்கும் லீவு கிடையாது என்றால், அதைப் பங்குனியிலேயே சொல்லி, ஈடாக எந்த நாள் என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சாம்பார் சிந்தியதற்கு வாடிக்கையாளர் முன்னாலேயே பையனைக் கிழிப்பதைச் சிலர் நிர்வாகத் திறமை என்றே நம்புகிறார்கள். சாப்பிட வந்தவருக்கு அதன்பிறகு சோறு இறங்காது. "மன்னிச்சுக்கங்கண்ணே, வேற இலை போடச் சொல்றேன்" என்று நீங்கள் முன்னால் நில்லுங்கள். பையனிடம் பேச வேண்டியதை ஸ்டோர் ரூமில் வைத்துப் பேசலாம்.

தாமதத்துக்கு நூறு, எதிர்த்துப் பேசினால் இருநூறு என்று வாய்க்கு வந்தபடி பிடிப்பதும் வேண்டாம். அபராதம் மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடிக்கும் முன் அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டாக வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ பற்றிக் கேட்டால், "ஆட்களே பிடித்தம் வேண்டாங்கிறாங்க" என்று பதில் வரும். பத்துப் பேர் இருந்தால், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது கட்டாயம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டிவிட்டால் தத்தனேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். கார்டு இல்லாதவருக்கு, செலவுக்கு உங்களிடமே அட்வான்ஸ் வாங்கி, அந்தக் கடனோடு திரும்பி வந்து அதே அடுப்பில் நிற்க வேண்டியதுதான்.

நாற்காலி விஷயம் சின்னது. வேலைக்கு நடுவே உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ரிசப்ஷனில் ஒரு ஸ்டூல் போடுங்கள். ஆள் வந்தால் அங்கே வேலை பார்க்கும் பெண் தானாக எழுந்துகொள்வார்.