யூதர் கண்ணோடு புதிய ஏற்பாட்டைப் படிப்பது எப்படி

கிறிஸ்தவம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சட்டென்று வரும் பதில் ஒன்று உண்டு: இயேசு வந்தார், யூதர்கள் ஏற்கவில்லை, புதிய மதம் பிறந்தது. யூத அறிஞர்கள் இந்தக் கதையை இப்படிச் சொல்வதில்லை. இயேசு யூதர், அவர் அம்மா யூதப் பெண், பன்னிரண்டு சீடர்களும் யூதர்கள், கடிதங்கள் எழுதிச் செய்தியைப் பரப்பிய பவுலும் யூதர்; அப்படியிருக்க 'யூதர்கள் ஏற்கவில்லை' என்ற பேச்சே எங்கிருந்து, எப்போது வந்தது என்றுதான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். நீங்கள் கிறிஸ்தவரோ இல்லையோ, ஒரு வேதாகமமும் ஒரு பென்சிலும் கையில் இருந்தால் போதும்.

முதலில், இயேசுவின் கதை சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் ஒன்றான மாற்கு 12:28-34 எடுங்கள். பக்கத்திலேயே மத்தேயு 22:34-40. இரண்டும் ஒரே சம்பவம்தான், ஆனால் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். மாற்கில் வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர் ஒருவர், இயேசு நன்றாகப் பதில் சொல்கிறாரே என்று பார்த்துவிட்டு, கட்டளைகளில் எது முதன்மையானது என்று கேட்கிறார். இயேசு "இஸ்ரவேலே கேள்" என்று தொடங்கிப் பதில் சொல்கிறார். அது உபாகமம் 6:4. எபிரேயத்தில் ஷெமா என்பார்கள், இன்றைக்கும் யூதர்கள் காலையிலும் மாலையிலும் சொல்கிற வரி. அப்புறம் லேவியராகமத்திலிருந்து பிறனை நேசிக்கும் கட்டளையைச் சேர்க்கிறார். கேட்டவர் மனமாரப் பாராட்டுகிறார், இயேசுவும் "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல" என்கிறார். இப்போது மத்தேயுவுக்கு வாருங்கள். கேட்பவர் பரிசேயர் என்ற யூதக் குழுவைச் சேர்ந்தவர், கேட்பதே இயேசுவைச் சோதிக்கத்தான். ஷெமாவின் முதல் வரி காணோம். பாராட்டும் இல்லை, பதிலுக்கு வந்த அன்பான சொல்லும் இல்லை. மாற்கில் நட்போடு பேசிய மனிதர் மத்தேயுவில் எதிராளியாகிவிட்டார். இதைக் கண்ணால் பார்த்துவிட்டால், மீதி எல்லாம் தானாகப் பிடிபடும்.

இடையில் என்ன நடந்தது? அதற்குத்தான் பென்சில். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் அது எழுதப்பட்ட காலத்தைக் குறித்து வையுங்கள். பவுலின் கடிதங்கள் 50களில். மாற்கு 70ஐ ஒட்டி. மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பத்து இருபது ஆண்டுகள் தள்ளி, யோவான் நூற்றாண்டின் கடைசியில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. 70ஆம் ஆண்டு தீத்துவின் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை எரித்தது. ஆலயத்தை நம்பி இருந்த சதுசேயர் என்ற குழுவினர் அதோடு மறைந்தார்கள். நிலைத்து நின்றவை இரண்டு: பரிசேயர் வழியில் வந்த யூத மத ஆசிரியர்களான ரபிமார், இயேசுவைப் பின்பற்றியவர்கள். ஒரே வீட்டுச் சொத்துக்கு இரண்டு பங்காளிகள். பங்காளிச் சண்டை எவ்வளவு கசப்பாகப் போகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்தேயு 23இல் வரும் "மாயக்காரராகிய வேதபாரகரே, பரிசேயரே" என்ற சாடலை இந்தப் பின்னணியில் படியுங்கள், காது வேறு மாதிரி கேட்கும்.

பரிசேயர் என்றாலே ஞாயிறு பள்ளியில் வில்லன் வேடம்தான். அதை மாற்ற, அவர்கள் நல்லபடியாக வரும் இடங்களைக் கோடிட்டு வாருங்கள். ஏரோது கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர்கள் (லூக்கா 13:31). அப்போஸ்தலர்களுக்காக யூத ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேல் பரிசேயர் (அப்போஸ்தலர் 5). பவுல் தன்னைப் பரிசேயன் என்று அறிவிப்பது இயேசுவை ஏற்றுப் பல ஆண்டுகள் கழித்து (அப்போஸ்தலர் 23:6). ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்று இயேசு சொன்னதைப் போலவே, ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று ரபிமார் நூல்களிலும் இருக்கிறது. ஆனால் இங்கே அவசரம் வேண்டாம். ரபிமாரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது 200ஐ ஒட்டி, அதற்கு விளக்கமாக வந்த பாபிலோனிய தல்மூத் அதற்கும் சில நூற்றாண்டுகள் பின்னால். அவற்றில் இருப்பதையெல்லாம் இயேசு காலத்து வழக்கம் என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும்.

அடுத்து மேசியா, யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர். யூதர்கள் ஏன் ஏற்கவில்லை என்பதற்குப் பிடிவாதம், குருட்டுத்தனம் என்று எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருப்போம். அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது: மேசியா வந்தால் போர் ஒழியும், சிதறிய மக்கள் ஒன்றுசேர்வார்கள், உலகமே மாறும் என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்கள், உலகம் மாறவில்லையே. ஏசாயா 7:14ஐயும் ஒற்றை வசனமாகப் பிடிக்காமல் அதிகாரம் முழுவதையும் படியுங்கள். இரண்டு ராஜாக்கள் படையெடுத்து வருகிறார்கள், ஆகாஸ் ராஜா நடுங்குகிறான், அவனுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் அது. நம் மொழிபெயர்ப்பில் 'கன்னிகை' என்று இருக்கும் இடத்தில் எபிரேயச் சொல் 'அல்மா', இளம்பெண் என்று பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கன்னி என்று பொருள்படும் 'பார்தெனோஸ்' ஆனது, மத்தேயு எடுத்தாண்டது அதைத்தான்.

பவுலிடம் வந்தால்தான் யூத அறிஞர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். இயேசு எங்கள் பிள்ளை, பவுல்தான் பிரித்துக்கொண்டு போனவர் என்பது பழைய பார்வை. 1922இல் எபிரேயத்தில் இயேசுவின் வரலாற்றை எழுதிய ஜோசப் கிளவுஸ்னர், 1973இல் இயேசுவை கலிலேய யூதராகவே காட்டிய கேசா வெர்மேஷ் போன்றவர்கள் இயேசுவை மீட்டெடுத்தார்கள். பவுல் வெளியிலேயே நின்றார். இப்போது பவுலா பிரெட்ரிக்சன், மார்க் நானோஸ் முதலானோர் வேறு கேள்வி கேட்கிறார்கள்: பவுல் யாருக்கு எழுதினார்? கலாத்தியரை அந்தக் கேள்வியோடு படியுங்கள். யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பதுதான் அங்கே தகராறு, யூதர்கள் தங்கள் வழியை விட வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை என்பது இவர்கள் வாதம். ரோமர் 11ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. காட்டு ஒலிவக் கிளைகளே, வேர்தான் உங்களைச் சுமக்கிறது, பெருமை பேசாதீர்கள் என்று யூதரல்லாதவர்களைப் பார்த்துச் சொல்கிறார். இன்னொரு வேலையும் செய்யுங்கள்: பவுல் எழுத்தில் 'நியாயப்பிரமாணம்' வரும் இடத்தில் மேலே அதற்கான எபிரேயச் சொல்லான 'தோரா' என்று எழுதுங்கள். நியாயப்பிரமாணம் என்றால் கோர்ட் வாசனை அடிக்கிறது, தோராவின் பொருள் போதனை.

சரி, யூத மதமும் கிறிஸ்தவமும் பிரிந்தது எப்போது? ஒரு தேதி தேடாதீர்கள். எல்லைக்கோடு விழ நூற்றாண்டுகள் ஆயின என்கிறார் யூத அறிஞர் டேனியல் போயாரின். 386-387இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற கிறிஸ்தவக் குரு, யூதர்களின் பண்டிகைக்கு ஜெப ஆலயத்துக்குப் போகிற கிறிஸ்தவர்களைக் கடுமையாகத் திட்டிப் பிரசங்கம் செய்தார். போகாதவர்களைப் போகாதே என்று யாராவது திட்டுவார்களா?

கடைசியாக யோவான் சுவிசேஷம். அதில் 'யூதர்' என்ற சொல் வரும் இடமெல்லாம் நின்று, யாரைச் சொல்கிறது என்று கேளுங்கள். 9:22இல், பார்வை பெற்றவனின் பெற்றோர் யூதர்களுக்குப் பயந்தார்கள் என்று இருக்கிறது. அந்தப் பெற்றோரே யூதர்கள்தானே! அங்கே பேசப்படுவது அதிகாரத்தில் இருந்த சிலர். இந்த ஒரு சொல்லையும், மத்தேயுவில் மட்டும் வரும் "இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்ற வரியையும் வைத்து ஐரோப்பாவில் எத்தனை பெரிய வெள்ளிகளில் யூதர் வீடுகள் தாக்கப்பட்டன. இயேசுவின் சாவுக்கு எல்லா யூதர்களையும் பொறுப்பாக்க முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரப்பூர்வமாகச் சொன்னது 1965இல்தான். சிலுவையில் அறைவது ரோமத் தண்டனை, உத்தரவு போட்டது ரோம ஆளுநர் பிலாத்து. அடுத்த பெரிய வெள்ளிக்குப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அங்கிருந்தே சொல்லுங்கள்.