போன பயணத்துத் தவறுகளை வைத்து இந்தக் கோடைப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

மே மாதம் அமுச்சியையும் (பாட்டி) பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போகிறோம். கோவையிலிருந்தே நேரடி விமானம் இருப்பதால் ஈரோட்டுக்காரர்களுக்கு அலைச்சல் குறைவு. இதற்கு முன் மலேசியாவும் துபாயும் போய் வந்தோம். இரண்டிலும் பட்ட சிரமங்களை "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே மறந்துவிட்டோம். அதனால் இந்த முறை ஒவ்வொரு தவறுக்கும் காலண்டரில் ஒரு தேதி குறித்திருக்கிறேன். முதல்முறை கிளம்புகிறவர்கள், போய் வந்த ஒறம்பரையிடம் (உறவினர்களிடம்) கேட்டு இதையே செய்யலாம்.

படி 1: நோட்டில் எழுதுங்கள்

எங்கே பணம் போனது, எங்கே நேரம் போனது, யார் களைத்துப்போனார்கள். இந்த மூன்றும் போதும். "சரியாகத் திட்டமிடவில்லை" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. எங்கள் நோட்டில் இருப்பது இப்படி: "கோலாலம்பூர், கார்டு ஓடவில்லை. துபாய், பெட்டியில் கொப்பரை. துபாய், முதல் நாளே சுற்றியதில் அமுச்சிக்குக் கால் வீக்கம்."

படி 2: ஒவ்வொரு வரிக்கும் தேதி

கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மாதம் முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இறங்கும்போது அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். நம் இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும், அங்கேதான் குழப்பம் வரும்.

ஒரு வாரம் முன்பு கார்டு. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதுக் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படி வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். கோலாலம்பூரில் போய்த் திறக்கப் பார்த்தேன். ஊர் சிம்மில் ரோமிங் இல்லாததால் ஓடிபி வரவே இல்லை. இப்போது இரண்டுக்கும் ஒரே தேதி.

சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டை. அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

படி 3: பெட்டியை இரண்டு முறை அடுக்குங்கள்

நான் அதிகம் வருத்தப்பட்டது இதில்தான். துபாய் கிளம்பிய அன்று அமுச்சி, காங்கயம் கொப்பரை எட்டு மூடியை வேட்டித்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாத் துணியையும் வெளியே எடுத்தோம். "கண்ணு, நம்மூர்க் காய்தானே, இதுல என்ன இருக்குது?" என்றார். காய்ந்த கொப்பரையில் எண்ணெய் அதிகம், சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அதனால்தான் அதற்குத் தடை. அதை முன்பே அவரிடம் சொல்லாதது என் தப்பு.

கசகசாவும் வேண்டாம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த கறிமசாலில் அது சேர்ந்திருக்கலாம், அரைத்தவரிடம் கேளுங்கள். பருப்புப் பொடியில் இந்தச் சிக்கல் இல்லை.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். கைப்பையில் நீர்ப்பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்கட்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் முழுதாக அடுக்கி, எடை மிஷினில் பெட்டியோடு ஒருமுறை, பெட்டியில்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துப் பாருங்கள். அப்புறம் கிளம்புவதற்கு முந்தின இரவு இன்னொரு முறை, வீட்டில் எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

படி 4: முதல் நாளைக் காலியாக விடுங்கள்

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. இரவு விமானத்தில் போனால் தூக்கம் பாதிதான். ஆகவே குளியல், சாப்பாடு, ஓய்வு. சாயங்காலம் சிராங்கூன் சாலையில் மெதுவாக ஒரு நடை, அவ்வளவுதான். பிள்ளைகள் முணுமுணுத்தாலும் நான் இதை மாற்றப்போவதில்லை.

நோட்டில் கடைசி இரண்டு பக்கங்களைக் காலியாக வைத்திருக்கிறேன். திரும்பிவந்த அன்றைக்கே, துணி துவைக்கப் போடுவதற்கு முன், அமுச்சியைக் கேட்டு எழுதப்போகிறேன்.