கற்பனைப் பாத்திரத்துக்குப் பெயரும் பின்னணியும் அமைத்தல்

பெயரைத் தேடுவதற்கு முன், பாத்திரம் எவருடைய பிள்ளை, எந்த ஊருக்குக் கடன்பட்டது என்பதைத் தீர்மானியுங்கள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டாக 1974 இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஆம் ஆண்டு விதிநூல், இலட்சியம், பிணைப்பு, குறைபாடு ஆகியவற்றைப் பாத்திரத் தாளில் எழுதச் சொல்கிறது. இவற்றுள், பாத்திரத்தை ஓர் ஆளோடோ இடத்தோடோ கட்டிவைக்கும் பிணைப்பே கதைக்கு அதிகம் உதவும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வாழும் நாம் அதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இங்கு தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. ஒரே குடிக்குள் மணம் செய்வது வழக்கமன்று. இவ்வழக்கத்தை உங்கள் கதையில் வரும் குள்ளர் இனத்துக்குக் கொடுத்து, தந்தையின் கோட்டையில் வளர்ந்த வீரன் ஒருவன் தாயின் குடிக்குரிய கோயில் உரிமையைக் கேட்டு வருவதாக எழுதினால், பகையும் அதன் காரணமும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிடும். வயலுக்கு நீர் பங்கிடும் வட்டை விதானை, வாய்க்காலில் குடியிருக்கும் பூதத்துடன் இரகசிய உடன்படிக்கை செய்தவராக இருக்கலாம். போடியார் (பெருநிலக்காரர்), வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) போன்ற பட்டங்களையும் பெயரோடு சேர்க்கலாம். ஆயினும் வைகாசிச் சடங்கில் மக்கள் வணங்கும் கண்ணகி அம்மனின் பெயரை அரக்கிக்குச் சூட்டுவது, என் பார்வையில், தவிர்க்கவேண்டியது.

ஓசையும் முக்கியம். மலைவாழ் குள்ளருக்குக் ‘கட்டுறுக்கன்’, ‘தொக்கடன்’ என வல்லினம் மிகுந்த பெயர்களும், வனத்தேவருக்கு ‘இழையவள்’, ‘ஆழியல்’ என இடையினம் மிகுந்தவையும் பொருந்தும். ஒரே குழுவில் இருவரின் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்காதிருக்கட்டும். சண்டைக் காட்சியின் அவசரத்தில் யாருடைய முறை என்று எவரும் குழம்பமாட்டார்கள்.