பழைய வீட்டில் சுவரைத் திறப்பதும் சுண்ணாம்பு பூசுவதும்

நடுச்சுவரை எடுத்தால் வீடு விசாலமாகும். ஆனால் அது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் சம்மட்டியைத் தொடக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும், நாலரை அங்குலம் பெரும்பாலும் தடுப்பு. பழைய வீட்டில் இந்தக் கணக்கை முழுதாக நம்ப முடியாது; காலப்போக்கில் தொய்ந்த தளம் தடுப்புச் சுவர்மேலேயே உட்கார்ந்திருக்கலாம். உத்திரங்களின் முனை எங்கே பதிகிறது, மாடியில் அதே கோட்டில் சுவர் வருகிறதா என்று பாருங்கள். சுவருக்குப் பதிலாகப் பாரம் தாங்கப்போகும் பீமின் அளவைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தந்த பிறகுதான் இடிப்பு.

முழுச் சுவரையும் எடுக்காமல், இரு முனையிலும் இரண்டடி விட்டுத் திறப்பதே புத்திசாலித்தனம். பீமின் முனைகள் உட்கார இடம் கிடைக்கும், ஒட்டு வேலையும் குறையும்.

இடிக்கும் முன், தளத்தைத் தாங்கச் சுவரின் இருபுறமும் மூன்றடிக்கு ஒரு முட்டு, அடியில் தடித்த பலகை. வெறும் மண்ணில் ஊன்றிய முட்டு இறங்கிவிடும், கூடவே தளமும். பீமின் ஒவ்வொரு முனையும் கான்கிரீட் படுகைமேல் குறைந்தது ஆறு அங்குலம் பதிய வேண்டும். பீமுக்கும் மேல்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் 1:3 சிமென்ட் கலவையை, தண்ணீர் குறைத்து, குத்தி இறுக்குங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். முட்டு எடுத்ததும் மேலே விரிசல் ஓடுவதும் இதனால்தான். கான்கிரீட் பீமானால் முட்டு 14 நாளாவது நிற்கட்டும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் தட்டினாலே சுத்தமாகக் கழன்றுவிடும்; அடுக்கி வைத்து மறுபடி கட்டலாம். சிமென்டில் கட்டியது உடையும், தரை நிரப்பத்தான் ஆகும். பழைய மரத்தைக் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் கரையானோ உளுப்போ இருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

மிச்சச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூக்கும், பூச்சு உப்பிக் கழலும். முதலில் ஓதம் வரும் வழியை அடைத்துவிடுங்கள்: வெளித்தரை உள்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்து, தடவைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இரண்டு பூச்சு, தடித்தால் வெடிக்கும். ஒரு வாரம் வெயில் படாமல் மறைத்து, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். மேலே ஈரத்தை அடைத்துவிடும் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் இத்தனை உழைப்பும் வீண். மெல்லிய சுண்ணாம்பு வெள்ளையே நான்கைந்து தடவை அடியுங்கள்.